கூடமாட ஒத்தாசை

ஸ்டோர்க்காரர் வீட்டுக் குளியலறைக் கண்ணாடிக்குக் கீழே, ஒரு காலையில், கடையில் வாங்கிய பற்பசை ஒன்று நெட்டுக்குத்தலாக நின்றிருந்தது. வேறு வீடாக இருந்தால் அது ஒரு செய்தியே இல்லை. சொந்தக் கையால் பல்பொடி செய்து அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுக்கிற வீட்டில், அது எதிரி நாட்டுக் கொடி.

முகம் கழுவ வந்த ஸ்டோர்க்காரர் அதைப் பார்த்தார். கழுவாமலே திரும்பிப்போய்க் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தார். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மாப்பிள்ளையைக் கூப்பிட்டார்.

"மாப்பிள்ளை, அங்க ஒரு வஸ்து நிக்குதே. யார் கொண்டாந்தது?"

மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். இரண்டு மாடிக்கு நடுவே மாட்டிக்கொண்டு கத்துகிறவர்களிடம் பதறாமல் பேசிப் பழகியவர்.

"அத்தை வாங்கினாங்க மாமா."

"எதுக்காம்?"

"பல்லு விளக்கத்தான் மாமா."

சமையலறையில் ஒரு பாத்திரம், வைக்க வேண்டியதைவிடக் கொஞ்சம் சத்தமாக வைக்கப்பட்டது.

ஸ்டோர்க்காரர் ஒரு நூற்பாலையின் பொருள் கிடங்கைக் காத்து ஓய்வு பெற்றவர். அவர் கையெழுத்து இல்லாமல் அங்கே ஓர் ஆணிகூட வெளியே போனதில்லை. ஓய்வுக்குப் பிறகு காப்பதற்கு எதுவும் இல்லாமல் போனதும், மனைவியின் சமையலறைக்குள் நுழைந்து டப்பாக்களை உயர வரிசைப்படி அடுக்கினார். பருப்பைத் தேடி மிளகாய்த்தூளில் கைவிட்ட அந்தம்மா, அவரைக் கூடத்துக்கு அனுப்பினார். கூடத்தில் அவர் பேப்பர் படித்தார். எல்லாப் பேப்பரையும் படித்து முடித்த பிறகு, கடலை கட்டி வந்த காகிதத்தையும் படித்தார். அதில்தான் இயற்கைப் பல்பொடியைப் பற்றி அரைப் பத்தி இருந்தது. மீதி அரைப் பத்தி வேறு யாருக்கோ கடலை கட்டிக் கொடுத்ததில் போய்விட்டது.

அந்த மீதியைத்தான் அவர் தன் ஆராய்ச்சி என்று சொல்லிக்கொண்டார்.

ஆனால் அந்தம்மாவின் கைக்குப் பத்தி தேவைப்படவில்லை. கொய்யா இலையையும் புதினாவையும் நிழலில் காயப்போட்டு, கடுக்காயை உடைத்துக் கொட்டையை எறிந்து, தோலை இடித்து, உமியைக் கருக்கி, எல்லாவற்றையும் மெல்லிய துணியில் சலித்து எடுத்தார். இதற்கு அந்த வீட்டில் 'அடி' என்று பெயர். மிளகு, கிராம்பு, சுக்கு, பட்டை, வறுத்த உப்பு இவையெல்லாம் சேர்ந்த தூளுக்குக் 'காரம்' என்று பெயர். கடைசிக் கலவைதான் விசேஷம். கூடத்தில் பழைய விரிப்பைப் போட்டு அடியைக் கொட்டுவார்கள். இரண்டு பேரும் எதிரெதிரே உட்காருவார்கள். அவர் கரண்டியால் காரத்தைத் தூவுவார். அந்தம்மா இரண்டு கையாலும் புரட்டிப் புரட்டிக் கொடுப்பார். நடுநடுவே ஒரு சிட்டிகையை நாக்கில் வைத்துப் பார்ப்பார். அந்தம்மா வாயிலிருந்து 'போதும்' வந்ததும் கரண்டி நிற்கும். விகிதாச்சாரம் தான் கண்டுபிடித்தது என்று ஸ்டோர்க்காரர் ஊரெல்லாம் சொல்லிவந்தார். விகிதாச்சாரம் என்பது அந்தப் 'போதும்'தான்.

இதில் இன்னொரு லாபமும் இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் புருஷன் பெண்டாட்டிப் பேச்சு என்பது 'சாப்பாடு ஆச்சா', 'குடை எங்க' என்ற அளவோடு நின்றிருந்தது. பல்பொடி வந்த பிறகு பேச்சு பெருகியது. இலை மொடமொடவென்று காய்ந்ததா, நமுத்துப் போனதா என்று காலையில் ஆரம்பித்தால் கிராம்புக்கடைக்காரர் காம்பைக் கலந்து ஏமாற்றியதைப் பற்றிச் சாயங்காலம் வரை போகும். இருவரும் அதை வெளியே சொன்னதில்லை. ஆனால் பொடி தீர்ந்தால் அடுத்த பொடிக்கு இலை பறிக்க இரண்டு பேருமே அவசரப்பட்டார்கள்.

அந்தப் பேச்சில்தான் இப்போது மண் விழுந்திருந்தது. போட்டது குடியிருப்போர் நலச் சங்கத் தலைவர்.

தலைவருக்கு எதையும் சுருக்கமாகச் சொல்லத் தெரியாது. மழை வரும்போல இருக்கிறது என்பதையே முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று பிரித்துத்தான் சொல்வார். பற்பசை வந்து நிற்பதற்கு முந்தின நாள் அவர் வீடு தேடி வந்தார். சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்துக்கு இந்த வருஷம் 'இயற்கைக்குத் திரும்புவோம்' என்று தலைப்பு. பிளாஸ்டிக் பேனர் அடிக்கக் கொடுத்தாகிவிட்டது. வருகிற ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பொட்டலம் பல்பொடி கொடுக்க வேண்டும்.

"இப்பேர்ப்பட்ட முயற்சியின் பின்னணியில் இயங்கும் மூளை யாருடையது என்பதை மேடையில் நான் சொல்லியாக வேண்டுமல்லவா" என்றார் தலைவர். அவர் வீட்டில் பேசுவதும் மேடையில் பேசுவதும் ஒரே பேச்சுதான்.

ஸ்டோர்க்காரர் நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்தார். "எல்லாம் நம்ம சொந்த ஆராய்ச்சிதான் தலைவரே."

"அம்மாவுக்கும் இதில் பங்குண்டோ?"

"அவளா? கூடமாட ஒத்தாசையா இருப்பா."

அந்த நேரம் பார்த்து அந்தம்மா தேநீரோடு வாசலில் நின்றிருந்தார். முழங்கை வரைக்கும் உமிக்கரி. தட்டை வைத்துவிட்டு உள்ளே போனார். தலைவரின் தேநீரில் சர்க்கரை இருந்தது. ஸ்டோர்க்காரரின் தேநீரில் இல்லை. அதைப் புரிந்துகொள்கிற அளவுக்கு அவர் அன்றைக்கு இறங்கி வரவில்லை.

மகள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். மறுநாள் வேலை முடிந்து வந்து பார்த்தால் வீடு இப்படிக் கிடக்கிறது.

"ஏம்மா, ஒரு வார்த்தை வாய் தவறிச் சொல்லிட்டாரு. அதுக்குப் போயி பேஸ்டு வாங்கி வைப்பியா?"

"ஒரு வார்த்தை இல்லடி. கூடமாட ஒண்ணு, ஒத்தாசை ஒண்ணு." அந்தம்மா கையை நீட்டிக் காட்டினார். எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்தும் நகக்கண்ணில் கருப்பு போகவில்லை. "இது ஒத்தாசை பண்ண கையா? நீயே சொல்லு."

"அப்ப கூட்டத்துக்குப் பொடி செய்யப் போறதில்லையா?"

"செய்வேன். ஒத்துக்கிட்டாச்சு, பொட்டலம் போகணும். ஆனா அந்த ஆராய்ச்சிப் பொடி இனி என் வாயில படாது."

அந்தம்மா சொன்னால் சொன்னதுதான்.

மழைக்காலம். பெரிய மழையும் இல்லை, வெயிலும் இல்லை. வானம் ஈரத்துணியைப் பிழிய மறந்ததுபோல நாள் முழுக்கச் சொட்டிக்கொண்டிருந்தது. இலைகளை மொட்டை மாடியில் போட வழியில்லை. மகள் படுக்கிற அறையில் கயிறு கட்டிக் கொய்யா இலையைத் தொங்கவிட்டு, மின்விசிறியைப் போட்டுவிட்டார்கள். இராப்பணி முடிந்து பகலில் தூங்கிய மகளின் முகத்தில் மணிக்கொரு இலை விழுந்தது.

பேச்சு நின்றதே தவிர வேலை நிற்கவில்லை. இருவருக்கும் நடுவே போக்குவரத்து மாப்பிள்ளை வழியாக நடந்தது.

"மாப்பிள்ளை, உமிக்கரி சலிச்சாச்சான்னு உங்க அத்தைகிட்டக் கேளுங்க."

கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் உட்கார்ந்து அந்தம்மா சலித்துக்கொண்டிருந்தார். "பாதி ஆயிடுச்சுன்னு சொல்லுங்க மாப்பிள்ளை."

"மாமா, பாதி ஆயிடுச்சாம்."

"கேட்டுச்சு. துணி போதுமான்னு கேளுங்க."

"அத்தை, துணி..."

"என் காது நல்லாத்தான் இருக்கு மாப்பிள்ளை. துணி இருக்கு."

"இருக்காம் மாமா."

"சரின்னு சொல்லுங்க."

"அத்தை, சரியாம்."

இரவு சாப்பிடும்போது மாப்பிள்ளை மனைவியிடம் சொன்னார். "லிஃப்டுல மாட்டிக்கிட்டவங்களாவது கதவைத் தட்டுவாங்க. இவங்க ரெண்டு பேரும் உள்ள உட்கார்ந்துக்கிட்டு, மேல போகவா கீழ போகவான்னு என்னைக் கேக்கறாங்க."

"உனக்கு என்ன கஷ்டம்? பேஸ்டு கிடைச்சுதுல்ல."

மாப்பிள்ளை இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டார். பொண்ணு எடுத்த நாளிலிருந்து மரியாதைக்காக அந்தப் பொடியில் தேய்த்துவந்தவர் அவர். இந்தச் சண்டையால் வீட்டில் ஒருவராவது நிம்மதியாகப் பல் விளக்கினார் என்றால் அது அவர்தான்.

ஸ்டோர்க்காரருக்கு மட்டும் வீடு பெரிதாகிப் போய்விட்டது. கிராம்பில் ஒருநாள் காம்பே இல்லாமல் வந்திருந்தது. இதைச் சொல்ல ஆளில்லை. மாப்பிள்ளையிடம் சொன்னார். "அப்படிங்களா மாமா" என்று மாப்பிள்ளை செருப்பைத் தேடினார். அந்தம்மாவும் ஒருதரம், "இந்தக் கடுக்காயப் பாத்தீங்களா, எவ்வளவு..." என்று பழக்கத்தில் ஆரம்பித்து, எதிரே யார் இருக்கிறார் என்று நினைவு வந்ததும் மீதியைக் கடுக்காயிடமே சொல்லி முடித்தார்.

இப்படியே கூட்டத்துக்கு முந்தின நாள் வந்தது. அடி தயார். பெரிய அண்டாவில் துணி போட்டு மூடியிருந்தது. காரம் கலக்க வேண்டும். கலப்பதென்றால் எதிரெதிரே உட்கார வேண்டும்.

காலையில் அந்தம்மா சந்தைக்குப் போனார். ஸ்டோர்க்காரர் அண்டாவைப் பார்த்தார். 'இவ கோவத்துல இருக்கா, காரம் போடமாட்டா. நாளைக்குக் கூட்டத்துல மானம் போயிடும்' என்று நினைத்தார். மனைவி இடித்து வைத்திருந்த காரம் அலமாரியில்தான் இருந்தது. ஆனால் அதைக் கேட்காமல் எடுக்க அவருக்கு மனம் வரவில்லை. கிடங்குக்காரர் புத்தி. கடைக்குப் போய் எல்லாம் புதிதாக வாங்கி, மாவு மில்லில் கொடுத்தார். மில்காரர் மிளகு அரைத்து முடிப்பதற்குள் பதினோரு தும்மல் தும்மி, மிளகு நெடி ஏறப்போகிற அடுத்தவர் கோதுமையையும் ஸ்டோர்க்காரர் தலையிலேயே கட்டுவதாகச் சொன்னார். வீட்டுக்கு வந்து, மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, எப்போதும் போடுகிற கணக்கில் அண்டாவில் கொட்டிக் கலந்தார். துண்டை மடித்து வைத்தார். தரையைத் துடைத்தார். திருடன்கூட அவ்வளவு சுத்தமாகப் போயிருக்கமாட்டான்.

மத்தியானம் அவர் மேடைக்காக முடிவெட்டிக்கொள்ள சலூனுக்குப் போனார். அந்தம்மா அண்டாவைப் பார்த்தார். 'இவருக்குப் பேசத்தான் தெரியும். காரம் போடாம அப்படியே பொட்டலம் கட்டிடுவாரு. நாளைக்கு நாலு பேர் நாலு விதமா சொன்னா இந்த மனுஷன் சாப்பிடமாட்டாரு' என்று நினைத்தார். அலமாரியிலிருந்து தன் காரத்தை எடுத்தார். முகத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு கலந்தார். கருப்போடு கருப்பு. பார்த்து எதுவும் தெரியவில்லை. வீடே எப்போதும் கிராம்பு நாறுகிற வீடு, மோந்தும் எதுவும் தெரியவில்லை. நாக்கில் வைத்திருந்தால் தெரிந்திருக்கும். ஒரு சிட்டிகையை எடுத்து உதடு வரை கொண்டுபோனார். 'என் வாயில படாது' என்று சொன்னது நினைவு வந்தது. சிட்டிகையை அண்டாவிலேயே போட்டுவிட்டார்.

சாயங்காலம் மகளும் மாப்பிள்ளையும் பொட்டலம் கட்டினார்கள். மாப்பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டே கட்டினார். "குடும்பம் இப்படி ஆயிடுச்சேன்னு அழறியா?" என்று மகள் கேட்டாள். "தெரியலை, தானா வருது" என்றார் அவர்.

மறுநாள் சங்கக் கட்டடத்தில் கூட்டம். வெளியே தூறல். குடைகளை விரித்து வராந்தாவில் காயவைத்திருந்தார்கள். தலைவர் பேச்சு என்றால் என்னவென்று தெரிந்தவர்கள், வீட்டில் அடுப்பை அணைத்து, சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்து, ஊருக்குப் போகிற மாதிரிதான் வந்திருந்தார்கள். ஸ்டோர்க்காரர் மேடையில் மூன்றாவது நாற்காலி. அந்தம்மா வாசலில், பொட்டலக் கூடையோடு.

தலைவர் எழுந்தார். இயற்கை என்பது யாது என்று கேட்டார். யாரும் சொல்லாததால் அவரே சொன்னார். காற்றைச் சொல்லி, நீரைச் சொல்லி, நெருப்புக்கு வருவதற்குள் பின்வரிசையில் இரண்டு பேர் தூங்கிவிட்டார்கள். பிறகு பொட்டலம் ஒன்றைத் தூக்கிக் காட்டினார்.

"நான் சொல்பவன் மட்டுமல்ல, செய்பவன். உங்கள் அனைவரின் முன்னிலையில், இதோ."

உள்ளங்கை நிறையக் கொட்டி, இரண்டு விரலால் வழித்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பெருமிதத்தோடு தேய்த்தார்.

"இதன் வீரியம்..." என்று ஆரம்பித்தார்.

நின்றார். கண்கள் விரிந்தன. முகம் சிவந்தது. "நம் முன்னோர்கள்..." என்றார். அதற்கு மேல் வரவில்லை. இரண்டு கண்களிலிருந்தும் தாரை தாரையாகக் கொட்டியது.

முன்வரிசையில் ஓர் அம்மாள் பக்கத்திலிருந்தவரிடம் மெதுவாகச் சொன்னார். "பாவம். முன்னோரை நினைச்சு அழறாரு."

"உள்ளுக்குள்ள இவ்வளவு இருக்கும்னு நான் நினைக்கவே இல்ல."

யாரோ கைதட்டினார்கள். எல்லாரும் தட்டினார்கள். தூங்கியவர்கள் எழுந்து தட்டினார்கள். தலைவர் தண்ணீர், தண்ணீர் என்று கையை ஆட்டினார். விடைபெறுகிறார் என்று எண்ணிக் கூட்டமும் கையை ஆட்டியது. செயலாளர் சமயம் பார்த்து நன்றி சொல்லி முடித்தார். சங்கத்தின் சரித்திரத்தில் முதல்முறையாக ஜனங்கள் வெளிச்சத்தோடு வீட்டுக்குப் போனார்கள். வாசலில் ஆளுக்கொரு பொட்டலம் பக்தியோடு வாங்கிக்கொண்டு போனார்கள்.

மேடையில் ஸ்டோர்க்காரருக்கு மட்டும் விஷயம் புரிந்துவிட்டது. அந்தக் கண்ணீர் முன்னோருக்கு வருகிற கண்ணீர் இல்லை, மிளகுக்கு வருகிற கண்ணீர். தலையைத் திருப்பி வாசலைப் பார்த்தார். அந்தம்மாவும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கூடையை நீட்டிய கை அப்படியே நின்றிருந்தது. ஆனால் கூடையில் மிச்சம் எதுவும் இல்லை.

வீட்டுக்கு ஒரே குடை. மாப்பிள்ளை வேலைக்குப் போயிருந்தார், நடுவே நடக்க ஆளில்லை. சாலையில் தேங்கிய தண்ணீரைப் பார்த்துக்கொண்டே அந்தம்மா கேட்டார்.

"எத்தனை கரண்டி?"

ஸ்டோர்க்காரருக்கு முதலில் கேள்வி காதில் விழவில்லை. குரல்தான் விழுந்தது. "என்னது?"

"காரம். எத்தனை கரண்டி போட்டீங்க?"

"எப்பவும் போடறதுதான்."

"நானும் எப்பவும் போடறதுதான்."

கொஞ்ச தூரம் நடந்தார்கள். ஒரு சைக்கிள் தண்ணீரை இறைத்துவிட்டுப் போனது. அதைக்கூட இருவரும் திட்டவில்லை.

"உங்களை யாரு போடச் சொன்னா?"

"நீ கோவத்துல போடமாட்டேன்னு நெனச்சேன்."

"கோவம் உங்க மேல. பொடி மேல எனக்கு என்ன கோவம்?"

வீட்டுக்கு வந்ததும் அந்தம்மா அண்டாவின் அடியில் ஒட்டியிருந்ததை வழித்து எடுத்தார். ஆளுக்குக் கொஞ்சம். வாஷ்பேசின் முன்னால் நின்று தேய்த்தார்கள். ஸ்டோர்க்காரர் வாயைத் திறந்தபடி மின்விசிறிக்குக் கீழே போய் நின்றார். அந்தம்மா வெல்லக்கட்டியைத் தேடினார். நாக்கு திரும்ப வேலைக்கு வர நேரமாயிற்று.

"காலைல எல்லார் வாயும் இப்படித்தான் வேகும்" என்றார் அந்தம்மா.

"இப்பவே போயி என்னத்தைச் சொல்றது? பேசாம இருந்துட்டா?"

"இத்தனை நாளு பேசாம இருந்ததுலதான் இது."

ஸ்டோர்க்காரர் நாற்காலியில் உட்கார்ந்தார். கொஞ்சம் யோசித்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "இல்ல, நியாயமாப் பாத்தா, பொடி செய்யறது நீதான். நான் அன்னைக்குத் தலைவர்கிட்டச் சொன்னது தப்பு. முழுக்க முழுக்க உன் கைவண்ணம்தான். நாளைக்கு அப்படியே எல்லார்கிட்டயும் சொல்லிடலாம்."

"நல்லா இருக்கே. பேர் வாங்கறப்ப உங்க ஆராய்ச்சி. ஊர் வாய் வெந்தா என் கைவண்ணமா?"

"நான் அந்த அர்த்தத்துல சொல்லலை."

"எந்த அர்த்தத்துல சொன்னாலும் எனக்கு வேண்டாம். கெடுத்தது ரெண்டு பேரும். ரெண்டு பேரும் போயி பொட்டலத்தைத் திருப்பி வாங்கிட்டு வருவோம்."

விடிந்தும் விடியாமலும் கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். ஆனால் பொட்டலம் வாங்கிய நல்லவர்கள் அதற்கு முன்னாலேயே எழுந்து பல் விளக்கிவிட்டார்கள்.

முதல் வீடு சலூன்காரர் வீடு. அவர் மூக்கு செவசெவவென்று இருந்தது.

"அண்ணே, ஈறெல்லாம் எழுந்து நிக்குது. இத்தனை நாளா நீங்க குடுத்தது பொடியா, மாவா?"

"அது தப்பாக் கலந்தது. காரம் ரெண்டு தரம் விழுந்துடுச்சு. திருப்பிக் குடுத்துடு, வேற தரோம்."

சலூன்காரர் பொட்டலத்தைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "என்கிட்டயேவா? நல்ல சரக்க வாங்கிட்டுப்போயி வேற எடத்துல வித்துட்டு, எங்களுக்குப் பழைய மாவைக் குடுக்கப் பாக்கறீங்க."

"ஐயோ, நெசமாவே தப்புப்பா. எரியுதா இல்லையா?"

"எரியுதுதான். எரியாம மருந்து எங்க இருக்கு?"

அடுத்த வீட்டு அம்மாள் முந்தானையால் உதட்டைப் பொத்திக்கொண்டே வந்தார். "தலைவரே கலங்கிட்டாரு, நாங்க கலங்கமாட்டோமா? எங்க வீட்டுக்காரரு கண்ணுல தண்ணி வந்து இப்பத்தான் பாக்கறேன். எங்க அப்பா செத்தப்பகூட வரலை." பொட்டலத்தைத் தர மறுத்துவிட்டார். அதற்கடுத்த வீட்டில், எரியவில்லையே என்று ஒருவர் சொன்னார். சொல்லும்போதே அவர் கையில் ஐஸ்கட்டி இருந்தது. தெருக்கோடி வரை போனார்கள். எரிகிறது என்று ஒருவரும் குறை சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் தாங்கியதைத் தான் தாங்கவில்லை என்று எப்படிச் சொல்வது? உண்மையைச் சொல்லச் சொல்ல, ஸ்டோர்க்காரர் அடக்கமானவர் என்ற பேர்தான் வளர்ந்தது. வாழ்நாளில் முதல்முறையாக அவர் தன்னைத் தாழ்த்திப் பேசினார், ஒருவரும் நம்பவில்லை. கூடை காலியாகவே இருந்தது.

கடைசியாகத் தலைவர் வீடு. அவரே கதவைத் திறந்தார். கீழுதடு வீங்கி, பேச்சு தந்தி மாதிரி வந்தது.

"வாங்க. உட்காருங்க."

இவ்வளவு சுருக்கமாக அவர் பேசி யாரும் கேட்டதில்லை. ஸ்டோர்க்காரர் நின்றபடியே சொன்னார். "தலைவரே, மன்னிக்கணும். பொடியில காரம் ரெண்டு பங்கு. நான் ஒரு தரம் போட்டேன். இவளும் ஒரு தரம் போட்டா. ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கலை."

"ஏன்?"

ஸ்டோர்க்காரர் மனைவியைப் பார்த்தார். அந்தம்மா கூரையைப் பார்த்தார்.

"பேச்சுவார்த்தை இல்லைங்க" என்றார் ஸ்டோர்க்காரர். "நான் சொன்ன ஒரு சொல்லு அவளுக்குப் பொறுக்கலை. பொறுக்க வேண்டிய சொல்லும் இல்ல அது."

அந்தம்மா கூரையிலிருந்து பார்வையை இறக்கினார். கணவர் முகத்தை ஒருதரம் பார்த்துவிட்டு, தலைவர் பக்கம் திரும்பினார். "வாய் ரொம்ப எரியுதுங்களா? மோர் குடிச்சீங்களா?"

தலைவர் தெருவை எட்டிப் பார்த்தார். கதவைப் பாதி சாத்தினார். குரலைத் தாழ்த்தினார்.

"பழைய பொடி. ஒரு பொட்டலம். இருக்குமா?"

"பழையதா?"

"அதான். எரியாதது." இன்னொரு தரம் தெருவைப் பார்த்துக்கொண்டார். "வெளிய தெரிய வேண்டாம்."

வீட்டுக்குத் திரும்பும் வழியில் முதலில் சிரித்தது யார் என்று சொல்ல முடியாது. அந்தம்மா குடையைப் பிடிக்க முடியாமல் மின்கம்பத்தில் சாய்ந்துகொண்டார். "எரியாதது" என்று தலைவர் மாதிரியே உதட்டை வைத்து ஸ்டோர்க்காரர் சொல்லிக் காட்டினார். "ரோட்டுல நின்னுக்கிட்டு என்ன இது" என்று அந்தம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த வாரத்தில் அந்தக் குடியிருப்பில் மிளகு இல்லாமல் வந்த கண்ணீர் அது ஒன்றுதான்.

அடுத்த பொடிக்கு அவசரம் வந்துவிட்டது. வெளியில் எல்லாரும் எரிகிற பொடி கேட்டார்கள். தலைவருக்கு மட்டும் எரியாத பொடி வேண்டும், அதுவும் எரிகிற பொடி மாதிரியே பொட்டலத்தில். அந்தம்மா மகள் அறையிலிருந்த இலைகளை இடித்தார். ஸ்டோர்க்காரர், யாரும் சொல்லாமலே, பாத்திரத்தின் வாயில் துணியைக் கட்டிக்கொண்டு உமிக்கரி சலித்தார். சலித்ததில் பாதி அவர் மீசையில் இருந்தது.

"இப்படிப் பிடிச்சா துணி கிழியும். லேசாத் தட்டணும்."

"லேசாத்தான் தட்டறேன்."

"அது தட்டறதா? கதவைத் தட்டற மாதிரி இருக்கு."

ஒரு காலையில் மகள் வேலை முடிந்து படியேறி வந்தாள். மாப்பிள்ளை வாசற்படியில் உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தார். உள்ளே இரண்டு குரல்கள், ஒன்றின் மேல் ஒன்று ஏறி வந்துகொண்டிருந்தன.

"என்ன, மறுபடியும் சண்டையா?"

"இல்ல. காரம் எவ்வளவு போடணும்னு பேசிக்கிறாங்க."

"எவ்வளவு நேரமா?"

"நான் எழுந்து, குளிச்சு, டீ குடிச்சு முடிச்சேன்." மாப்பிள்ளை முடிச்சை இறுக்கினார். "இன்னும் முதல் கரண்டி விழலை."

மகள் உள்ளே எட்டிப் பார்த்தாள். கூடத்தில் விரிப்பு. நடுவில் கருப்புக் குவியல். இந்தப் பக்கம் கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி அப்பா, அந்தப் பக்கம் முழங்கை வரை கருப்பாக அம்மா.

"ஊரே ரெண்டு பங்கு கேக்குது. நாம என்ன ஒரு பங்குக்கு நிக்கறது?"

"ஊருக்காக நான் நாக்கைச் சுட்டுக்க முடியாது. ஒரு பங்குதான்."

"சரி, ஒண்ணும் வேண்டாம், ரெண்டும் வேண்டாம். ஒன்றரை."

"அந்த அரைக் கரண்டியில அப்படி என்ன இருக்கு உங்களுக்கு?"

"உக்காரு, சொல்றேன்."

"உட்கார்ந்துதான இருக்கேன், சொல்லுங்க."

அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சம்மணத்தை மாற்றிப் போட்டுக்கொண்டார். வெளியே தூறல் விட்டு வெளிச்சம் வந்திருந்தது. தகராறு அரைக் கரண்டிக்குத்தான். மத்தியானச் சாப்பாடு வரைக்கும் தாங்கியது.